தமிழைக் காப்பாற்றும் எடிட்டர் எது?

தோட்டக் கோயிலின் வரலாறு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், அம்மாவின் பலகார வியாபாரம். செர்டாங்கில் இருந்துகொண்டே இவற்றுக்கு ஓர் இணையப் பக்கம் எழுதலாம். விண்டோஸ் கணினியும் ஓர் இலவச எச்டிஎம்எல் எடிட்டரும் இருந்தால் போதும். எந்த எடிட்டர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தமிழைப் பத்திரமாகச் சேமிக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸோடு வரும் நோட்பேடையே எடுத்துக்கொள்வோம். அதன் பழைய பதிப்புகள் கோப்பை 'ஆன்சி' முறையில் சேமிக்கும். வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஓகே' தட்டி மூடிவிட்டால், மறுபடி திறக்கும்போது தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். மீட்க வழியில்லை. 2019இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான் 'யூடிஎஃப்-8' இயல்பான முறையானது. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நினைவிலிருந்து சொன்ன பெயர்கள் அந்த ஒரே கோப்பில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் பரிந்துரை இரண்டு. கணினி பழையதா? நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். டான் ஹோ 2003இல் வெளியிட்டது. அளவில் சிறியது, சட்டென்று திறக்கும். கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்பதைத் திரையின் அடியிலேயே காட்டும்.

ஓரளவு புதிய கணினி என்றால் மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டூடியோ கோட். எச்டிஎம்எல் கோப்பில் ஓர் ஆச்சரியக்குறி இட்டு 'டேப்' விசையைத் தட்டினால், பக்கத்தின் அடிப்படை அமைப்பு யூடிஎஃப்-8 குறிப்போடு தானாக வந்துவிடும். அதில் மொழி ஆங்கிலம் என்றிருக்கும். தமிழுக்கான குறியீடாக மாற்றுங்கள். பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் மொழியை அறியும்.

பிராக்கெட்ஸ், ஆட்டம் என்ற பெயர்களும் உங்கள் கண்ணில் படலாம். முன்னதற்கு அடோபி 2021இல் ஆதரவை நிறுத்தியது. பின்னது 2022இல் முடிவுக்கு வந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அவை வேண்டாம். எதையும் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

பழைய ஆலய மலரிலிருந்து எடுத்து ஒட்டும்போதும் கவனம் தேவை. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்ததென்றால், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

முழுப் பட்டியலையும் அடிப்பதற்கு முன் ஒரு சோதனை: பத்துப் பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து, சேமித்து, எடிட்டரை மூடுங்கள். திரும்பத் திறந்து பாருங்கள்; கைப்பேசியிலும் பாருங்கள். பத்தும் சரியாக இருந்தால் பதினோராவது பெயரைத் தொடங்கலாம்.