மூளையதிர்ச்சியை அளத்தல்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் இந்திய அணி இருபது ஓவர் போட்டி ஒன்றில் விளையாடியது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டத்தில் முதன்முதலாகக் களமிறங்கிய நாள் அது. இந்திய அணியின் கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து, ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. அவர் விழவில்லை, தொடர்ந்து ஆடி 44 ஓட்டங்களுடன் திரும்பினார். ஓய்வறையில், எப்படி இருக்கிறது என்று வினவியபோதுதான் தலைசுற்றுவதாகக் கூறினார். அவருக்கு மாற்றாகச் சகல் பந்து வீசினார். அந்த முடிவுக்கு அடிப்படையாக அமைந்தது ஜடேஜாவின் விடைதான்.

தலையோ உடலோ அதிரும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. அதன் செயற்பாடு சில காலம் தடுமாறுகிறது. இதுவே மூளையதிர்ச்சி. நினைவிழந்தால்தான் மூளையதிர்ச்சி என்பது தவறான எண்ணம்; பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. எலும்புமுறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும் சி.டி. ஸ்கேன், இதில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே பாதிக்கப்பட்டவரிடமே கேட்டு அளக்க வேண்டியுள்ளது.

அதற்கெனப் பன்னாட்டு வல்லுநர்கள் உருவாக்கியதே 'ஸ்காட்' என்னும் மதிப்பீட்டுப் படிவம். அதன் ஆறாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. 13 வயதும் அதற்கு மேலும் உடையோருக்கானது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், ஒளி கூசுதல், எரிச்சல், மனம் குவியாமை என 22 அறிகுறிகளுக்கு வீரரே 0 முதல் 6 வரை எண் இடுவார். மொத்தம் 132. பின்னர், பத்துச் சொற்களை நினைவிலிருந்து கூறுதல், மாதப் பெயர்களைப் பின்னிருந்து சொல்லுதல், ஒற்றைக்காலில் நிற்றல் முதலிய சோதனைகள் தொடரும். பங்குனியிலிருந்து சித்திரை வரை பின்னோக்கிச் சொல்வது, அடிபடாதவருக்கே எளிதன்று!

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பெருமாள்மலையிலிருந்து வளைவு நிறைந்த மலைப்பாதையில் பேருந்தில் பழனிக்கு வந்து இறங்கும் மாணவருக்கு, ஆடுவதற்கு முன்பே குமட்டலும் தலைசுற்றலும் இருக்கலாம். முதல்நாள் சரியாக உறங்காதவர் சோர்வுக்கு 2 இடலாம். எனவே, பருவத் தொடக்கத்தில் நலமாயிருக்கும்போதே ஒருமுறை அளந்து வைத்தால், அடிபட்டபின் ஒப்பிட உதவும்.

இம்முறையின் பெருங்குறை, மறைக்க விரும்புபவர் மறைத்துவிடலாம் என்பதே. அணியிலிருந்து நீக்கப்படுவோமோ என்னும் அச்சத்தில் 5 என்பதை 0 ஆக்கிவிடுவோர் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல், சாக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டபின் மீண்டும் களமிறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மூளையில் இரத்தக் கசிவுடன் சரிந்தான். உயிர் பிழைத்தபோதும், பேச்சையும் நடையையும் மீட்க நெடுங்காலம் போராட நேர்ந்தது. 2009இல் அவன் பெயரால் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மூளையதிர்ச்சி ஐயமுள்ள மாணவரை உடனே வெளியேற்ற வேண்டும். மருத்துவத் தகுதியுடையவர் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை ஆடவிடலாகாது என்பது அதன் விதி.

ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி தோன்றினால் படிவத்திற்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு, பின்னர் வகுப்பறை, அதன்பின் படிப்படியாக ஆடுகளம். ஆடுகளத்திற்குத் திரும்பும் படிகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒருநாள். மறுநாளே கபடி இறுதிப்போட்டி இருந்தாலும் இக்கணக்கு மாறாது.