வலி போய்விட்டது, முட்டி இன்னும் தயாராகவில்லை

அக்காள்மடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி மகனுக்குப் பத்தொன்பது வயது. பக்கத்து ஊர்க் கால்பந்துப் போட்டியில் பந்தோடு ஓடியவன், எதிராளி யாரும் தொடாமலே, திடீரென்று திரும்பிய வேகத்தில் முட்டிக்குள் ‘படக்’கென்று சத்தம் கேட்டு விழுந்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவிக் கட்டுக் கட்டினார்கள். சில வாரங்களில் வலி போனது, நடந்தான். மறுபடி ஆடப் போனான், முட்டி நழுவி மறுபடி விழுந்தான். ஸ்கேன் எடுத்தபோது ஜவ்வு அறுந்திருப்பது தெரிந்தது. “இவன் இனிமேல் ஆட முடியுமா, முடியாதா என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா” என்று முடிகிறது கடிதம்.

முடியும். ஆனால் எப்போது, எப்படி என்பதைச் சொல்லாமல் அந்தப் பதிலை மட்டும் கொடுத்தால், அது அவனுக்குச் செய்யும் கெடுதலாகிவிடும்.

நம் கடற்கரைப் பையன்களுக்குத் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்னும் மீனவ கிராமத்துக்காரர். சென்னை சிட்டி எஃப்சி அணியில் கவனம் பெற்று, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தா போய், 2019-20இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ஏடிகே அணியில் இருந்தவர். அடுத்த பருவம் கொரோனாக் காலம். எல்லா ஆட்டங்களும் கோவாவில், பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடந்தன. 2020 நவம்பர் 20 அன்று முதல் ஆட்டம், ஏடிகே மோகன் பகானுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே சூசைராஜ் முட்டிக் காயத்தோடு வெளியேற வேண்டியதாயிற்று. அவருடைய அணி 1-0 என்று ஜெயித்தது. அவருக்கு அந்தப் பருவம் முழுவதும் அன்றோடு முடிந்தது. அறுந்தது முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு.

இரண்டே நாள் கழித்து, நவம்பர் 22 அன்று, உலகத்தின் அந்தக் கோடியில் இன்னொரு முட்டி. அமெரிக்கக் கால்பந்தில் ‘குவார்ட்டர்பேக்’ என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்கும் பொறுப்பு அவருடையது. சின்சினாட்டி அணிக்கு அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்திருந்த ஜோ பர்ரோ என்ற இளைஞர், எதிராளிகள் மேலே விழுந்ததில் இடது முட்டியில் ஏசிஎல் உட்படப் பல பாகங்கள் சேதமாகி வண்டியில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பர் 2இல் அறுவைச் சிகிச்சை. 2021 செப்டம்பர் 12 அன்று, ஒன்பது மாதம் கடந்து, மீண்டும் களமிறங்கினார். அந்தப் பருவத்திலேயே தன் அணியை சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

நம் நாட்டில் ரிஷப் பந்த்தை எல்லாரும் அறிவோம். 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் வலது முட்டி குலைந்தவர், 2024 மார்ச்சில்தான் மறுபடி மட்டை பிடித்தார். அந்தச் செப்டம்பரில் நம் சேப்பாக்கத்திலேயே டெஸ்ட் சதம் அடித்தார்.

இவர்களையெல்லாம் வீழ்த்திய அந்த ஏசிஎல் எத்தனை பெரிது என்று நினைக்கிறீர்கள்? நீளம் மூன்று சென்டிமீட்டர் சுமார், அகலம் ஒரு விரற்கடைகூட இல்லை. முட்டியின் நட்ட நடுவில், தொடை எலும்பின் பின்பக்கத்திலிருந்து கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்துக்குச் சாய்வாக ஓடுகிறது. கீழ்க்கால் முன்னால் நழுவாமலும், அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து நிறுத்துவது இதன் வேலை. இளம் வயதினரின் ஏசிஎல்லை நேராக இழுத்து அறுக்க 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டதாக ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 220 கிலோ எடை தொங்குவதற்குச் சமம்.

அவ்வளவு உறுதியானது பெரும்பாலும் யாரும் மோதாமலேதான் அறுகிறது. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது, பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது முட்டி உள்பக்கமாகச் சரிகிறது. காலடி பட்டதிலிருந்து அறுவது வரை ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான் என்கின்றன வீடியோ ஆய்வுகள். தசை விழித்துக்கொண்டு காப்பாற்ற அந்த நேரம் போதாது. முன்கூட்டியே பழகிய கால் மட்டுமே தப்பிக்கும். வீராங்கனைகளுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முட்டியின் பக்கவாட்டு ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ரத்தம் கசிந்து, உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஏசிஎல்லுக்கு அந்தக் கொடுப்பினை பெரும்பாலும் இல்லை. அது மூட்டு நீருக்குள் கிடக்கிறது. அறுந்த முனைகளுக்கு நடுவே உறைவு நிலைக்க விடாமல் அந்த நீர் கரைத்துவிடுகிறது. வெளியிலிருந்து எவ்வளவு நீவினாலும், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த இரண்டு முனைகளும் போய்ச் சேர மாட்டா. நீவுகிறவர் கையில் குறை இல்லை. அவர் கை எட்டாத இடத்தில் இருக்கிறது காயம்.

ஆகவே வேறு நாணைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அறுந்த ஏசிஎல்லைத் தைக்கும் முயற்சி 1895இலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மேயோ ராப்சன் என்ற மருத்துவரால் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குச் செய்யப்பட்டது. இன்று பரவலாக நடப்பது மாற்று நாண் வைப்பது. முட்டிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, பின்தொடைத் தசையின் நாணை உருவி எடுக்கிறார்கள். வெள்ளையாக, ஈரமாக, ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் வரும். அதை மடித்து மடித்து, நுனிகளைத் தைத்து, சுமார் எட்டு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு எலும்பிலும் துளை போட்டு, அந்தத் துளை வழியாக இழுத்து, சிறு உலோகப் பொத்தானாலோ திருகாலோ மாட்டிவிடுகிறார்கள்.

எல்லாரும் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என்னைப் பல ஆண்டுகளாக ஆச்சரியப்படுத்திக்கொண்டிருப்பது இதற்குப் பிறகு நடப்பதுதான்.

வைத்த நாண் முதலில் சாகத் தொடங்குகிறது. ரத்த ஓட்டம் துண்டிக்கப்பட்டதால் அதன் பழைய செல்கள் பெரும்பாலும் மடிகின்றன. மிச்சம் இருப்பது வெறும் இழைகள். பிறகு சுற்றியிருக்கும் திசுவிலிருந்து மெல்ல மெல்லப் புது ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, புதுச் செல்கள் குடியேறுகின்றன. அவை பழைய இழைகளைக் கரைத்து, புது இழைகளை நெய்கின்றன. தசையை எலும்போடு கட்டிய ஒரு நாண், எலும்பை எலும்போடு கட்டும் ஜவ்வாக உருமாறுகிறது. மனிதர்களில் இது ஒரு வருடத்துக்கு மேலும் நடக்கிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், அறுவைக்குப் பின் சுமார் ஆறாவது வாரத்தையொட்டித்தான் அந்த நாண் மிகவும் பலவீனமாக இருந்தது. மனிதர்களிலும் முதல் சில மாதங்கள்தான் ஆபத்தானவை.

அந்தக் காலத்தில்தான் வீக்கம் வடிந்திருக்கும், தையல் ஆறியிருக்கும், ஊன்றுகோலைப் பையன் தூக்கிப் போட்டிருப்பான், வலி இருக்காது. “நல்லாத்தானே இருக்கேன்” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் உடம்புதான் அவனிடம் சொல்லாமல் மறைக்கிறது.

எங்கள் கொல்லையில் தென்னம்பிள்ளை வைத்துப் பழகியதால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. குழியில் இறக்கி மண் தள்ளிய பிறகு மாதக்கணக்கில் ஓலை பச்சையாகவே நிற்கும். வேர் பிடித்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது நெற்றுக்குள் சேமித்த உணவைத் தின்றுகொண்டுதான் பச்சை காட்டுகிறது. அந்த நேரத்தில் ஓர் ஆடு முட்டினால் போதும், சாய்ந்துவிடும். அதனால்தான் ஓலையைப் பார்க்காமல் காலக்கணக்கைப் பார்த்து வேலியைப் பிரிப்பார்கள் பெரியவர்கள்.

முட்டிக்கான காலக்கணக்கு ஒன்பது மாதம். நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 விழுக்காடு குறைந்தது என்றது. காலண்டர் மட்டும் போதாது. காயம்பட்ட முட்டி, தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் உத்தரவையே மட்டுப்படுத்திவிடுகிறது. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து “அழுத்து தம்பி” என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும்போது, நன்றாகக் கால்பந்து ஆடிய பையனின் தொடை அசையக்கூட அசையாது. அந்தத் தசையை எழுப்பி, மற்றக் காலின் பலத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்காவது கொண்டுவர வேண்டும். ஒற்றைக் காலில் தாவி அளந்து பார்க்க வேண்டும். பிறகுதான் பந்து.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் திரும்பினார்கள்? பல ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 81 பேர். பழைய தரத்தை எட்டியவர்கள் 65. போட்டிகளில் மறுபடி ஆடியவர்கள் 55. வாசகருக்கு நான் சொல்லும் ‘முடியும்’ இந்த எண்களோடு சேர்ந்ததுதான்.

எல்லாருக்கும் கத்தி வேண்டும் என்பதும் இல்லை. நேராக ஓடினால் போதும், சைக்கிள் மிதித்தால் போதும் என்பவர் நல்ல பயிற்சியால் மட்டுமே சமாளிக்கலாம். ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்துச் செய்த சோதனையில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று விடப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து வருடம் கழித்தும் அறுவை செய்துகொள்ளவில்லை. அதற்காக “ஆட்டம் வேண்டாம், கடலுக்குப் போனால் போதும்” என்று பையனின் முட்டியை அப்படியே விட்டுவிடாதீர்கள். அலையில் ஆடும் படகில் நின்று வலை இழுப்பவனுக்கும் திரும்பும் முட்டி, தாங்கும் முட்டி வேண்டும். நழுவிக்கொண்டே இருக்கும் முட்டி ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பை நசுக்குகிறது. அது போனால் நாற்பது வயதில் மூட்டுத் தேய்மானம்.

என் மனதை அரிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ராமேஸ்வரம் தீவிலும் ராமநாதபுரம் கடற்கரையிலும் கோயில் திருவிழாவுக்கும் மாதா திருவிழாவுக்கும் போட்டி நடத்துகிறோம். கோப்பை, மேடை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் வசூல் ஆகிறது. முட்டி திரும்பியவனைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு வண்டி இருக்காது, ஐஸ் கட்டி இருக்காது. விழுந்தவனைக் கைதட்டி எழுப்பி மறுபடி ஆடவைக்கிறோம், அதற்கு வீரம் என்று பெயரும் வைக்கிறோம். சூசைராஜுக்குப் பக்கத்தில் மருத்துவர் இருந்தார். நம் பையனுக்கு நாம்தான் இருக்கிறோம்.

சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் அது ஏசிஎல் என்றே எண்ணி, நீவாமல் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராமநாதபுரத்தில் 2022இலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப்போய் எது கிடைக்கும் என்று கேளுங்கள். அறுவைக்குக் கடன் வாங்கத் தயங்காத குடும்பம், பிசியோதெரபிக்கு பஸ் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வேதனை. பாதிச் சிகிச்சை அங்கேதான் இருக்கிறது.

காயம் வராமல் காக்க ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ என்ற பயிற்சி இருபது நிமிடம்தான் ஆகும். ஒற்றைக் காலில் நிற்பது, முட்டி உள்ளே சரியாமல் குதித்து இறங்குவது, பின்தொடையை வலுவாக்குவது என்று எல்லாம் மணலிலேயே செய்யக்கூடியவை. நார்வேயில் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகளிடம் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அக்காள்மடத்து வாசகருக்கும், அங்கே போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த போட்டியின் நோட்டீசில், இந்தப் பயிற்சியைச் செய்யாத அணிக்கு மைதானத்தில் இடமில்லை என்று அச்சடியுங்கள். அதற்கு நன்கொடை எதுவும் தேவையில்லை.