நான்கு வேளை கால் சுற்று

திருச்சிப் பொன்மலைக்காரர்களுக்கு மரையின் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1928-ல் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. அன்று முதல் பல தலைமுறைகள் நட்டோடும் போல்ட்டோடும் வாழ்ந்திருக்கின்றன. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகக் கட்டிக்கொடுத்த ஊர் இது. பணிமனையில் பிட்டராக இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்: அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் இருந்தால், நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது அது 1 மில்லிமீட்டர் நகரும்; கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். இந்தச் சின்னக் கணக்கை வைத்துக்கொண்டு மனித எலும்பை நீளமாக வளர்க்க முடியும். அதற்கு வேண்டிய ஸ்பேனர்கூட மோட்டார் சைக்கிள் பெட்டியில் கிடக்கும் அதே 10-ஆம் எண் ஸ்பேனர்தான்.

ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருக்கப் பல காரணங்கள் உண்டு. பிறவியிலேயே அப்படி அமையலாம். சிறு வயதில் விழுந்து, எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு சேதமடைந்தால் அந்தக் கால் மட்டும் பின்தங்கிவிடும். எலும்பில் சீழ் பிடித்து ஒரு துண்டையே வெட்டி எடுத்திருக்கலாம். சாலை விபத்தில் எலும்பு நொறுங்கிப்போயிருக்கலாம். நம் நாட்டில் நெடுங்காலம் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இருந்தது இளம்பிள்ளை வாதம். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. ஆனால் அதற்கு முன் அந்த நோய் சூம்பவைத்த கால்களோடு வளர்ந்தவர்கள் நம் தெருக்களில் இன்றும் நடக்கிறார்கள். வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் என்றால் செருப்பின் அடியை உயர்த்தினால் போதும். 4, 5 என்று போனால் இடுப்பு சரிந்து, முதுகுத்தண்டு வளைந்து, நடை ஒவ்வொரு அடியிலும் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது.

காலை இழுத்து நீட்டும் யோசனை பழையது. இத்தாலியின் பொலோன்யா நகரில் கொடிவில்லா என்ற மருத்துவர் எலும்பை வெட்டி, குதிகாலில் ஆணி ஏற்றி, பலமாக இழுத்துப் பார்த்ததை 1905-ல் எழுதினார். கால் நீண்டது, ஆனால் நரம்பும் தசையும் அந்த முரட்டு இழுப்பைத் தாங்கவில்லை. எவ்வளவு பலமாக இழுப்பது என்ற கேள்வியிலேயே மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நின்றுவிட்டது. எவ்வளவு மெதுவாக இழுப்பது என்ற கேள்விதான் கதவைத் திறந்தது.

திறந்தவர் காவ்ரீல் இலிசரோவ். 1944-ல் மருத்துவப் படிப்பு முடித்து மேற்கு சைபீரியாவின் கூர்கன் வட்டாரத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட இளைஞர். போரில் கால் எலும்பு முறிந்து ஒட்டாமல் போனவர்கள் அவரிடம் வந்தபடியே இருந்தார்கள். வசதிகள் மிகக் குறைவு. 1950-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய கருவியைப் பார்த்தால் மருத்துவமனைப் பொருளாகவே தோன்றாது: காலைச் சுற்றி உலோக வளையங்கள், வளையத்துக்கு வளையம் மரையிட்ட கம்பிகள், ஒவ்வொரு வளையத்திலிருந்தும் தோலையும் எலும்பையும் துளைத்து மறுபக்கம் போகும், 2 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத மெல்லிய எஃகுக் கம்பிகள். சைக்கிள் சக்கரத்தில் ஆரக்கம்பிகள் விறைப்பாக இழுபட்டு நிற்பதால்தான் அவ்வளவு மெல்லிய கம்பிகள் ஓர் ஆளையே சுமக்கின்றன அல்லவா? அதே தத்துவம். ஒவ்வொரு கம்பியையும் 100 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுத்து வளையத்தில் முடுக்குகிறார்கள். சக்கரத்தின் நடுவில் அச்சு நிற்கிறது, இங்கே எலும்பு.

முதலில் இந்தக் கருவியின் வேலை எலும்பை நீட்டுவதல்ல, முறிந்த முனைகளை நெருக்கி ஒட்டவைப்பது. ஒரு நோயாளி நட்டைத் தவறான திசையில் திருகிவிட்டார் என்றும், நெருங்க வேண்டிய முனைகள் விலகிப் போயின என்றும் சொல்வார்கள். எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி வெறுமையாக இல்லை. அதில் புது எலும்பு முளைத்திருந்தது. இலிசரோவ் அதை ஒரு விபத்தாக ஒதுக்கிவிடாமல், மீதி வாழ்நாள் முழுக்க அந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்தார்.

எலும்பு நீட்டும் சிகிச்சையில் அறுவை என்பது சில மணி நேர வேலை. மீட்சி மாதக்கணக்கு. உண்மையில் சிகிச்சையே அந்த மாதங்கள்தான். கத்தி அதைத் தொடங்கிவைக்க மட்டும் வருகிறது. மருத்துவர் எலும்பின் கெட்டியான வெளிச்சுவரைப் பக்குவமாக வெட்டுகிறார். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வையும் உள்ளே ஓடும் இரத்த நாளங்களையும் முடிந்தவரை சிதைப்பதில்லை. வெட்டும் இடம் பெரும்பாலும் முழங்கால் மூட்டுக்கு அருகில். அங்கே எலும்பு பஞ்சுபோல் நுண்துளைகளோடு, இரத்த ஓட்டம் மிகுந்து இருக்கும். பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை யாரும் நட்டைத் தொடுவதில்லை. வெட்டிய இடத்தில் இரத்தம் உறைந்து, உடல் தன் பழுதுபார்க்கும் ஆட்களை அங்கே திரட்டுவதற்கான அவகாசம் அது.

அடுத்து நோயாளியின் முறை. காலை, நண்பகல், மாலை, படுக்கப் போகும் முன் என நான்கு வேளை, வேளைக்குக் கால் சுற்று. எண்ணிக்கை தவறாமலிருக்கச் சில கருவிகளில் சதுரத் திருகின் நான்கு முகங்களிலும் புள்ளிகள் இட்டிருப்பார்கள். திருகியதும் ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். இதை மருத்துவர் செய்வதில்லை. வீட்டில் நோயாளியே செய்கிறார், குழந்தை என்றால் அம்மா செய்கிறார். திருகும் அந்த நொடியில் பெரிய வலி இருக்காது. நாள் முழுக்கச் சேர்ந்த இழுப்பு இரவில்தான் வலியாக வெளிப்படும்; பலருக்கு முதலில் தொலைவது தூக்கம்.

ஒரு நாளுக்கு 1 மில்லிமீட்டர். கேட்கச் சிறிது. ஆனால் வளரும் பருவத்தின் உச்ச ஆண்டில்கூட ஒரு பையனின் மொத்த உயரமும் ஏறத்தாழ 9, 10 சென்டிமீட்டர்தான் கூடுகிறது. இங்கே ஒரே ஒரு எலும்பு, உடலின் வளர்ச்சி எப்போதோ நின்றுபோன ஒருவருக்கு, ஐம்பது நாளில் 5 சென்டிமீட்டர் நீள்கிறது.

அந்த இடைவெளிக்குள் நடப்பதுதான் இந்தக் கதையின் பெரிய அதிசயம். விலகும் இரு முனைகளுக்கு நடுவே மென்மையான நார்த்திசுப் பட்டை ஒன்று உருவாகிறது. அதில் உள்ள கொலாஜன் இழைகள் எல்லாம் இழுக்கும் திசையிலேயே வரிசையாக அணிவகுக்கின்றன. இரு முனைகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய எலும்புத் தூண்கள் அந்த இழைகளைப் பிடித்தபடி நடுவை நோக்கி வளர்கின்றன. தூண்களுக்கு இடையே புது இரத்த நுண்குழாய்களும் கூடவே ஓடுகின்றன. நடுப்பட்டை மட்டும் கடைசிவரை இளகியே இருக்கிறது. இழுப்பு தொடரும்வரை புது இழைகளை அது தந்துகொண்டே இருக்கிறது. குழந்தைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு செய்யும் வேலைக்கு ஈடான ஒன்றை, நாற்பது வயதுக் காலின் நடுவில் ஒரு நட்டும் ஸ்பேனரும் வரவழைத்துவிடுகின்றன. இழுவிசைக்குத் திசுக்கள் வளர்ச்சியால் பதில் சொல்கின்றன என்பதுதான் இலிசரோவ் கண்ட விதி.

ஏன் 1 மில்லிமீட்டர்? நாய்களை வைத்து அவர் செய்த சோதனைகள் இதற்கு விடை சொல்கின்றன. நாளுக்கு அரை மில்லிமீட்டர் என்றால் உடல் முந்திக்கொள்கிறது. எலும்பு அவசரமாக ஒட்டிக்கொண்டு மேலே நீள மறுக்கிறது. 2 மில்லிமீட்டர் என்றால் உடல் பின்தங்குகிறது. எலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு மிஞ்சுகிறது. இன்னொன்றையும் கண்டார். அதே 1 மில்லிமீட்டரை ஒரே தடவையில் இழுப்பதைவிட நான்காகப் பிரித்தால் எலும்பு நன்றாக அமைகிறது. மோட்டார் வைத்து 60 பங்காகப் பிரித்தால் இன்னும் நன்றாக அமைகிறது. 60 முறை யார் திருகுவது? நான்கு என்பது உயிரியலும் மனிதனின் அன்றாடமும் செய்துகொண்ட உடன்பாடு.

எலும்பாவது சொன்ன பேச்சைக் கேட்கிறது. முரண்டு பிடிப்பது தசை. தசை நாருக்குள் சுருங்கி விரியும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. சார்கோமியர் எனப்படும் இவற்றில் ஒன்றின் நீளம் மில்லிமீட்டரில் 400-ல் ஒரு பங்கு அளவு. எலும்பு 1 மில்லிமீட்டர் நீண்டால், தசையும் ஈடுகொடுக்க அந்த அலகுகளைப் புதிதாகக் கோக்க வேண்டும். அது கோக்கத்தான் செய்கிறது; ஆனால் எலும்பின் வேகத்தில் அல்ல. கெண்டைக்கால் தசை பின்தங்கும்போது குதிகாலை மேலே இழுக்கிறது. பாதம் கீழ்நோக்கிக் குத்திட்டு நின்றுவிடும் அபாயம் வருகிறது. தொடை எலும்பை நீட்டினால் முழங்கால் மடங்க மறுக்கும். அதனால்தான் பிசியோதெரபி இந்தச் சிகிச்சையில் ஓர் உபசாரமல்ல, பாதிச் சிகிச்சை. துண்டைப் பாதத்தில் கொடுத்துத் தன்பக்கம் இழுப்பது, முழங்காலை நீட்டி அழுத்துவது, இரவில் பாதத்தை நேராக நிறுத்தும் பலகை கட்டுவது எல்லாம் சலிப்பூட்டும் வேலைகள். இவற்றில் தவணை சொன்னவர்களுக்கு நீண்ட எலும்பும் மடங்காத மூட்டும் மிஞ்சும். நரம்பு வேறு ரகம். அது பொறுமையாக நீளும். பொறுக்க முடியாதபோது விரல்களில் மரமரப்பாகவோ எரிச்சலாகவோ சொல்லும். அதை அன்றே மருத்துவரிடம் சொன்னால், திருகும் வேகத்தைக் குறைப்பார்கள், அல்லது சில நாள் நிறுத்துவார்கள்.

கால் முழுக்கக் கம்பி துளைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து, "ஊன்றி நடங்கம்மா" என்று மருத்துவர் சொல்லும்போது வீட்டார் பதறிப்போகிறார்கள். ஆனால் நடப்பதும் மருந்துதான். விறைத்த மெல்லிய கம்பிகள் பக்கவாட்டு வளைவைத் தடுக்கின்றன. மேலும் கீழுமாக மட்டும் இம்மியளவு அசைய விடுகின்றன. ஒவ்வொரு அடியிலும் புது எலும்புக்கு ஒரு சின்ன அழுத்தம் கிடைக்கிறது. எலும்பு கெட்டிப்பட அந்த அழுத்தம் வேண்டும். இலிசரோவின் கருவிக்கும் அதற்கு முந்திய இழுப்புகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது: இங்கே படுத்துக் கிடந்தால்தான் குணம் தள்ளிப்போகும்.

திருச்சி வெயிலில் இந்த வளையங்களோடு ஒரு கோடையைக் கழிப்பது லேசான காரியமல்ல. கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு துளையும் கிருமிக்கு ஒரு வாசல். வேர்வையும் தூசியும் சேர்ந்தால் சிவந்து நீர் கசியும். பெரும்பாலானவருக்கு எப்போதாவது ஒருமுறையேனும் இது வரும். சொல்லித்தந்தபடி துளைகளைச் சுத்தம் செய்தால், தேவைப்படும்போது மாத்திரை எடுத்தால், அடங்கிவிடும். பேன்ட் வளையத்தின் மேல் ஏறாது. கைலியும் வேட்டியும் பாவாடையும் நைட்டியும் இந்த வகையில் பெரும் வரம். தரையோடு அமைந்த கழிப்பறையில் குந்த முடியாது. மேல்நாட்டு வகை இல்லாத வீட்டில் துளையிட்ட நாற்காலி ஒன்றை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. புகை பிடிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். நிகோட்டின் இரத்த நாளங்களைச் சுருக்கி, புது எலும்பைப் பட்டினி போடும். சில வலி மாத்திரைகளும் எலும்பு உருவாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கிப் போடுவது கூடாது. சாப்பாட்டில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே எடைப் பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கேழ்வரகுக் கூழ் குடிக்கும் ஊருக்கு இது கடினமல்ல.

வேண்டிய நீளம் வந்ததும் திருகுவது நிற்கும். பலர் அன்றே எல்லாம் முடிந்ததாக நினைக்கிறார்கள். மனம் சோர்ந்துபோவதும் பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் இனி நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் கிடையாது. இளம் எலும்பு சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட, நீட்டிய காலத்தைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பிடிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பெரியவர்களுக்கு இன்னும் கூடும். 5 சென்டிமீட்டர் என்றால் ஐந்தாறு மாதமாவது வளையம் காலில் இருக்கும். எக்ஸ்ரேயில் முதலில் கறுப்பு இடைவெளி, சில வாரங்களில் அதில் மேகக் கீற்றுகள், பிறகு கோடுகள், கடைசியில் எலும்பின் வெளிச்சுவர். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படங்களில் தெரிய வேண்டிய நான்கு சுவர்களில் குறைந்தது மூன்று முழுமையாகத் தெரிந்தால்தான் கழற்றுவதைப் பற்றிப் பேச்சு.

இதையெல்லாம் உலகம் உடனே நம்பிவிடவில்லை. உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் உலக சாதனை படைத்த சோவியத் வீரர் வலேரி புரூமெல், 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைகள் தோற்றபின் 1968-ல் கூர்கனுக்குப் போனார். எழுந்து, மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். சோவியத் நாடு முழுக்க இலிசரோவ் பெயர் பரவியது அப்போதுதான். மேற்குலகம் இன்னும் தாமதித்தது. இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மௌரி, ஆண்டுக்கணக்கில் ஒட்டாத தன் காலோடு 1980-ல் கூர்கன் சென்று குணமாகித் திரும்பினார். அவருடைய காலைப் பார்த்து வியந்த இத்தாலிய மருத்துவர்கள் மறு ஆண்டே இலிசரோவைத் தங்கள் மாநாட்டுக்கு அழைத்தார்கள். கண்டுபிடிப்புக்கு அப்போது முப்பது வயது.

இன்று இதே விதி வேறு உருவங்களும் எடுத்திருக்கிறது. விபத்தில் எலும்பின் நடுத்துண்டு போய்விட்டதா? எஞ்சிய பகுதியில் ஒரு துண்டை வெட்டி, தோலுக்குள்ளேயே நாளுக்கு 1 மில்லிமீட்டராக நகர்த்துவார்கள். துண்டு பள்ளத்தைக் கடக்கும். அது கடந்துவந்த பாதை முழுக்கப் பின்னால் புது எலும்பு நிரம்பிக்கொண்டே வரும். வளையமே வேண்டாம் என்பவர்களுக்கு எலும்புக்குள் வைக்கும் ஆணி உண்டு. அதற்குள் ஒரு காந்தமும் பற்சக்கரமும் திருகும் இருக்கின்றன; வெளியே சுழலும் காந்தங்களைத் தொடைமேல் வைத்தால் உள்ளே இருப்பது சுழன்று ஆணி நீள்கிறது. விலை மிக அதிகம். உயரம் கூட வேண்டும் என்பதற்காகவே ஆரோக்கியமான இரு கால்களையும் வெட்டிக்கொள்வோரும் உலகெங்கும் பெருகிவருகிறார்கள். மேலே சொன்ன ஒவ்வொரு ஆபத்தையும் இரு காலிலும் ஏற்றுக்கொள்ளும் முடிவு அது. என் கருத்தில், நொண்டாமல் நடப்பவர் அதைச் செய்துகொள்ள அந்த ஆசை போதுமான காரணமல்ல.

கழற்றுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் நட்டுகளைத் தளர்த்தி, பாரத்தை மெல்ல எலும்பிடம் ஒப்படைத்து, சில நாள் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். வலியில்லை, எலும்பு வளையவில்லை என்றால் வளையம் போகும். அதன்பிறகும் சில வாரங்களுக்குக் குதிப்பதும் ஓடுவதும் கூடாது. புது எலும்பு முறியக்கூடிய காலம் அது. கால்கள் சமமாகிவிட்டாலும் நொண்டும் பழக்கம் உடனே போகாது. பல ஆண்டுகள் சரிந்தே நடந்த இடுப்பின் பக்கத் தசைகளைப் பிசியோதெரபிஸ்ட் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது. அதுவரை கையில் ஒரு கோல். அதைச் சிகிச்சை செய்த காலின் பக்கத்தில் பிடிக்கவே எல்லோருக்கும் கை போகும். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். அந்தக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்க, மூட்டுக்கு மிக அருகிலிருந்து ஒரு தசை உடல் எடையைவிடக் கூடுதலான விசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கக் கோல் மூட்டிலிருந்து தள்ளி நிற்பதால் அதற்கு நெம்புகோலின் அனுகூலம் கிடைக்கிறது. கையால் சில கிலோ அழுத்தினாலே, தசையின் சுமையில் அதைப்போல் பல மடங்கு குறைந்துவிடுகிறது.