லேபிளில் விட்டுப்போன ஒரு வார்த்தை!

மருந்து பாட்டிலில் லேபிள் மாறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கம்ப்யூட்டர் சாமானில் லேபிள் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

உயிர் போகாது. ஆனால், பல வருடங்களாகச் சேர்த்து வைத்த குடும்பப் படங்களும், கடைக் கணக்குகளும் ஒரே நாளில் போய்விடக்கூடும்!

2020-ம் ஆண்டில் அப்படி ஓர் ஆபத்து பல நாடுகளில் உள்ளவர்களைக் கலங்க வைத்தது. இத்தனைக்கும் அந்த லேபிளில் பொய் எதுவும் இல்லை. இருக்க வேண்டிய ஒரு விவரம் அதில் இல்லை. அவ்வளவுதான்!

சிவப்பு லேபிள்

அமெரிக்காவில் "வெஸ்டர்ன் டிஜிட்டல்" என்று ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. தகவல்களைச் சேமித்து வைக்கும் "ஹார்டு டிஸ்க்" தயாரிப்பது அதன் தொழில்.

2012-ல் அந்தக் கம்பெனி "ரெட்" என்ற பெயரில் ஒரு டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ரெட் என்றால் சிவப்பு. அதன் லேபிளிலும் சிவப்பு நிறம்.

இந்த டிஸ்க்குகளை ஒரு பெட்டிக்குள் இரண்டு, நான்கு என்று சேர்த்து மாட்டுவார்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய படங்களும் அந்தப் பெட்டியில் இருக்கும். ஒரு டிஸ்க் கெட்டுப்போனால், புது டிஸ்க்கை மாட்ட வேண்டியதுதான். மற்ற டிஸ்க்குகளில் உள்ளதைக் கொண்டு, போனதை எல்லாம் பெட்டியே திரும்ப எழுதிவிடும்.

எழுதி முடிக்கும் வரைதான் கண்டம்! அதற்குள் இன்னொரு டிஸ்க்கும் கெட்டுவிட்டால் எல்லாமே போய்விடலாம்.

ஓட்டுக் கூரை போல...

டிஸ்க்குக்குள் வட்டமான தட்டுகள் சுழலும். அவற்றின் மேல் மெல்லிய வளையங்களாகத் தகவல்கள் பதிவாகும். பழைய முறையில், ஒரு வளையம் இன்னொன்றின் மேல் படாது.

புது முறை வேறு. கூரையில் ஓடு வேய்வது போல, ஒரு வளையத்தின் ஓரத்தின் மேல் அடுத்த வளையம் ஏறி இருக்கும். இதனால் அதே இடத்தில் அதிகத் தகவல்களை அடக்கலாம்.

ஆனால், கூரையின் நடுவில் ஓர் ஓடு உடைந்தால், அதன் மேல் படிந்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? இங்கும் அதே கதைதான். நடுவில் ஒரு வளையத்தைத் திருத்தினால், அதை அடுத்துள்ள வளையங்களையும் திரும்ப எழுத வேண்டும்.

ஆகவே, புதிதாக வரும் தகவல்களை டிஸ்க் முதலில் ஒரு தனி இடத்தில் போட்டுக்கொள்ளும். நெல் மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்குவது போல! ஒன்றிரண்டு மூட்டை என்றால் கஷ்டம் இல்லை. வண்டி வண்டியாக வந்துகொண்டே இருந்தால் திண்ணை நிரம்பிவிடும். வேலை தேங்கிவிடும்.

ஒரே ஓர் எழுத்து!

2 டெராபைட் முதல் 6 டெராபைட் வரை கொள்ளும் ரெட் டிஸ்க்குகளில் இந்த ஓட்டு முறை நுழைந்தது. லேபிளில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதே பெயர். அதே சிவப்பு.

வித்தியாசம் மாடல் எண்ணில் இருந்தது. 4 டெராபைட் டிஸ்க்கில், பழையது "இ.எப்.ஆர்.எக்ஸ்." என்று முடியும். புதியது "இ.எப்.ஏ.எக்ஸ்." என்று முடியும். "ஆர்" இருந்த இடத்தில் "ஏ". இதை யார் கவனிப்பார்கள்?

பழைய டிஸ்க் கெட்டதும், அதே டிஸ்க் என்று நம்பிப் பலர் புதியதை வாங்கி மாட்டினார்கள். சிலருடைய பெட்டிகள் அதை ஏற்க மறுத்தன. 2020-ல் 4 டெராபைட் டிஸ்க்குகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. மற்ற டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த வேலையை, ஓட்டு முறை டிஸ்க் முடிக்க 9 நாட்களுக்கு மேல் ஆயிற்று!

கம்பெனி செய்தது என்ன?

2020 ஏப்ரலில் விஷயம் வெளியாயிற்று. வீட்டிலும் சிறு ஆபீசிலும் சாதாரண உபயோகத்துக்கு இந்த டிஸ்க் போதும் என்று கம்பெனி வாதாடியது. இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று வாங்கியவர்கள் கேட்டார்கள்.

அதற்கு நேரான பரிகாரம் ஒன்றுதான். விட்டுப்போனதைச் சொல்லிவிடுவது! எந்தெந்த மாடலில் ஓட்டு முறை இருக்கிறது என்ற பட்டியலைக் கம்பெனி அதே மாதம் வெளியிட்டது. சீகேட், தோஷிபா கம்பெனிகளும் தங்கள் டிஸ்க்குகளில் சிலவற்றில் அந்த முறை இருப்பதைத் தெரிவித்தன.

ஜூன் மாதம் வெஸ்டர்ன் டிஜிட்டல் பெயரையும் பிரித்தது. பழைய முறை டிஸ்க்குக்கு "ரெட் பிளஸ்" என்று பெயர் வைத்தது. ஓட்டு முறைக்கு வெறும் "ரெட்". அமெரிக்கக் கோர்ட்டில் நடந்த வழக்கில், 2021-ல் 27 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

வாங்குகிறவர்கள் கவனிக்க!

டிஸ்க் வாங்கும்போது பெயரையும் நிறத்தையும் மட்டும் பார்க்கக் கூடாது. மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். கம்பெனியின் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் மாட்டியதும், டிஸ்க் தன் மாடல் எண்ணைத் தானே காட்டும். அதுவும் லேபிளில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறி இருந்தால், அதில் எதையும் பதிய வேண்டாம். லேபிளைக் கிழிக்காமல், பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள்.

பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தாலும், முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். டிஸ்க் போனால் இன்னொன்று வாங்கிவிடலாம். குழந்தை முதன்முதலாகத் தவழ்ந்தபோது எடுத்த படத்தை எந்தக் கடையில் வாங்குவது?