தேய்ந்த வட்டுக்குச் செயற்கை வட்டு: யாருக்குப் பொருந்தும்?

“டாக்டர், டிஸ்க் தேய்ந்துவிட்டதாம். நகையை அடகு வைத்தாவது புதிதாக மாற்றிக்கொள்கிறோம்.” எம்.ஆர்.ஐ. படத்தோடு வரும் குடும்பத்தினர் பலர் இவ்வாறு கூறுகின்றனர். அவர்கள் முடிவெடுக்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

முள்ளெலும்புகளுக்கு இடையே அதிர்வைத் தாங்கும் வட்டுகள் அமைந்துள்ளன. வயது ஏற ஏற அவற்றின் நீர்ச்சத்து குறைகிறது. சிலருக்கு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தாலும் இயன்முறைப் பயிற்சியாலும் சில வாரங்களில் வலி தணிந்துவிடும். வலியே இல்லாதவர்களின் படங்களிலும் தேய்மானம் காணப்படுவதுண்டு. ஆகவே, படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சையை முடிவு செய்வதில்லை.

வலி தணியாதபோது, பழுதுற்ற வட்டை நீக்கி எலும்புகளை இணைப்பது நெடுநாளைய முறை. அதனால் அவ்விடத்தில் அசைவு நின்றுவிடும். அசைவைக் காக்கும் நோக்கில் உருவானதே செயற்கை வட்டு. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் 1984-இல் இது நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான கரின் பியூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்றவர். அமெரிக்காவில் இடுப்பு வட்டுக்கு 2004-லும், கழுத்து வட்டுக்கு 2007-லும் அனுமதி வழங்கப்பட்டது.

ஓரிரு வட்டுகள் மட்டுமே பழுதடைந்து, எலும்பு உறுதியாக உள்ளவர்களுக்கே இது ஏற்றது. எலும்புப்புரை, முள்ளெலும்பு நழுவல், மூட்டுத் தேய்வு, நோய்த்தொற்று ஆகியவை இருப்பின் பொருந்தாது.

செலவில் பெரும்பங்கு வட்டின் விலையே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. செயற்கை வட்டு அதில் அடங்குமா என்பதை அனுமதிக்கப்படும் முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டறியுங்கள். தனியார் காப்பீடு உள்ளோர் காத்திருப்புக் காலத்தையும் சரிபார்க்க வேண்டும். தென்சென்னை மக்கள் இரண்டாவது கருத்துக்கு, 2023-இல் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையை அணுகலாம்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் வலிக்கு இந்த வட்டுதான் காரணமா? இணைப்பு முறையைவிட இதனால் எனக்கு என்ன நன்மை? அறுவை சிகிச்சை இன்றிக் காத்திருந்தால் என்ன ஆகும்?

ஆயினும், சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் கட்டுப்பாடின்றிப் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் பலவீனம் அதிகரித்தல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கலாகாது. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.