கடலோரப் பாதையை உச்சியால் அளக்காதீர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைக் கடலை ஒட்டியே சுற்றிவரும் நடைபாதை ஒன்று உண்டு. மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுக வாயிலில் முடியும் அந்த சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்தின் நீளம் 1,014 கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த இடமான கிரேட் ஹேங்மேன் குன்று வெறும் 318 மீட்டர்தான். விடுமுறையில் அங்கே போகிறவர்கள் பலர் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, காற்று வாங்கியபடி நடந்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பாதை நெடுக ஏறவேண்டிய உயரங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 35,000 மீட்டர் வருகிறது. எவரெஸ்டின் உயரத்தைப்போல் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. கடலோரப் பாதையின் கடினத்தை உச்சியின் உயரமும் சொல்லாது, தூரமும் சொல்லாது. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறோம் என்பதே சொல்லும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு காரணங்கள். முதலாவது வரலாறு. கள்ளக்கடத்தலைத் தடுக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடங்களே இந்தப் பாதையின் பெரும்பகுதி. ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் அவர்கள் பாறை விளிம்பை விட்டு விலகவில்லை. சுற்றிப்போகும் சுலபமான வழியையும் தேடவில்லை. இரண்டாவது நில அமைப்பு. உள்நாட்டிலிருந்து கடலுக்கு ஓடிவரும் ஓடைகள் செங்குத்தான பள்ளத்தாக்குகளை அறுத்திருக்கின்றன. பாதை ஒவ்வொன்றிலும் கடல்மட்டம் வரை இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபக்கம் அதே உயரத்துக்கு ஏறுகிறது. ஹார்ட்லேண்ட் கீயிலிருந்து பியூட் வரையுள்ள சுமார் 25 கிலோமீட்டரில் இப்படிப் பத்துப் பள்ளத்தாக்குகள். மலையில் ஒருமுறை ஏறினால் அன்றைய ஏற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கே பட்ட பாடெல்லாம் அடுத்த அரை மணியில் இறக்கத்தில் கரைந்துபோகும்; மறுபடி முதலிலிருந்து ஏறவேண்டும்.

இதைக் கணக்கிட ஒரு பழைய வழி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்தது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 25 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 5 மணியோடு 2 மணி, ஆக 7 மணி நேரம். இது நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது எதுவும் இதில் இல்லை. இறக்கத்துக்கும் இதில் இடமில்லை. பின்னால் எரிக் லாங்மியூர் அதைத் திருத்தி, செங்குத்தான இறக்கத்தில் 300 மீட்டருக்கு 10 நிமிடம் சேர்த்தார். இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடியை அறிந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. டிசம்பரில் அங்கே பகல் சுமார் எட்டு மணி நேரம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எவ்வளவு குறைந்த நேரத்தைக் கையிருப்பாக வைத்துத் திட்டமிடுகிறோம் என்பது புரியும்.

கைபேசிச் செயலியே ‘எளிது’, ‘கடினம்’ என்று சொல்லிவிடுகிறதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தர அடையாளம் உதவும்தான். ஆனால் யாருக்கு எளிது என்பதை அது சொல்வதில்லை. வாராவாரம் அந்தக் குன்றுகளில் நடக்கிற உள்ளூர்க்காரர் இட்ட குறிப்பும், விமானக் களைப்போடு முதுகில் பை சுமந்து வந்தவரின் தேவையும் ஒன்றல்ல. முடியாவிட்டால் திரும்பிவிடலாமே என்பது இன்னொரு வாதம். பள்ளத்தாக்கின் அடியில் களைத்து நிற்பவருக்கு முன்னாலும் ஏற்றம், பின்னாலும் ஏற்றம். பல குடாக்களுக்குச் சாலையே கிடையாது. அங்கிருந்து வெளியேற ஏறியே ஆகவேண்டும்.

எண்கள் மட்டும் போதாது என்று யாராவது மறுத்தால் அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மழைக்குப் பின் களிமண் சரிவில் நெய்ஸ்மித்தின் வேகம் செல்லாது. பாறை விளிம்பு சரிந்த இடங்களில் பாதை உள்நாட்டுக்குத் திருப்பிவிடப்படும், தூரம் கூடும். டெவனில் ஏர்ம் ஆற்றைக் கடக்கப் பாதையில் பாலமோ படகோ இல்லை. கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் மட்டுமே, காலை நனைத்து நடந்து கடக்கலாம். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். தவறவிட்டால் சாலைவழியே நெடுந்தூரம் சுற்றவேண்டும். ஆக, கணக்கு தருவது குறைந்தபட்ச நேரம். நிலமும் வானிலையும் அதைக் கூட்டவே செய்யும்.

போகிறவர்கள் முதல் நாளுக்கு 10 கிலோமீட்டருக்குள் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். நெய்ஸ்மித் கணக்கை முன்னதாகவே எழுதிவைத்து, நடந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை மடங்கு ஆனால், அடுத்த நாள்களின் கணக்கையும் ஒன்றரையால் பெருக்குங்கள். வரிசையாக எல்லா இரவுக்கும் அறை பதிந்துவிட்டு அதற்காக உடலை ஓட்டாதீர்கள். பாதையில் ஆபத்து நேர்ந்தால் அழைக்கவேண்டிய எண் 999. கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.