மும்பை மாடத்து மூலிகைகள் – 9: கடையில் கிடைக்காததை நடுங்கள்

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் வாழைப்பூ, வாழைத்தண்டு, சின்ன வெங்காயம், தலைவாழை இலை என்று ஊர்ச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். கொத்தமல்லியும் புதினாவும் மும்பையின் எந்தத் தெருமுனை பாஜிவாலாவிடமும் உண்டு. மழை தொடங்கியதும் தேநீரில் போட எலுமிச்சைப் புல்லையும் 'கவதி சஹா' என்று கட்டுக் கட்டாக அடுக்கிவிடுவார்கள். ஆனால் முடக்கத்தான் கேட்டுப் பாருங்கள், தூதுவளை கேட்டுப் பாருங்கள். பிரண்டை எப்போதாவது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

இங்கே பலருக்குச் சன்னல் கிரில்தான் தோட்டம். ஐந்தாறு தொட்டிக்கு மேல் அதில் இடமில்லை. அந்த இடத்தைக் கொத்தமல்லிக்குக் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒழுங்காக வரும். வெயில் ஏறியதும் தண்டு நீண்டு பூத்துவிடும். ஜூன் மழையில் அழுகிவிடும். அவ்வளவு பாடுபட்டு வளர்ப்பது கடையில் மலிவாகக் கிடைக்கிற கீரை.

கறிவேப்பிலை மட்டும் விதிவிலக்கு. அதுவும் கடையில் மலிவுதான். ஆனால் கேரளத்தில் காய்கறிகளைச் சோதித்தபோது பூச்சிக்கொல்லி எச்சம் திரும்பத் திரும்ப அகப்பட்ட இலைகளில் அதுவும் ஒன்று. தினமும் தாளிப்பில் போடுகிற இலையை நாமே வளர்த்துக்கொள்வது நல்லது. நல்ல வெயில் படும் இடம், 14 அங்குலத் தொட்டி, நுனியைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கும் பழக்கம், இது போதும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வளர்ச்சி நின்றுபோகும். செடி செத்துவிட்டது என்று பயந்து தண்ணீரை அதிகம் ஊற்றித்தான் பலர் வேரை அழுக வைக்கிறார்கள்.

இனி, கடையில் கிடைக்காதவை. முதல் இடம் முடக்கத்தானுக்கு. உருண்டைக் கறுப்பு விதை, அதில் வெள்ளையாக இதய வடிவில் ஒரு புள்ளி. முதல் மழைக்குத் தூவினால் ஆகஸ்டில் கிரில் முழுக்கப் படர்ந்து, காற்றடைத்த பை போன்ற காய்களைத் தொங்கவிடும். ஊறவைத்த அரிசியோடு இலையை அரைத்துத் தோசை வார்த்தால் கசப்பு அடங்கிவிடும். காய் காய்ந்து பழுப்பானதும் விதையை எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருஷத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

தூதுவளைக்குத் தண்டு முழுக்க முள், இலைக்கு அடியிலும் முள். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையில் வையுங்கள். முள்ளை நீக்கி நெய்யில் வதக்கி ரசத்தில் போடலாம், துவையலும் அரைக்கலாம். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கத்தரித்த தண்டை ஈரத்துணியில் சுற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு நாள் ரயில் பயணத்தைத் தாங்கும்.

பிரண்டைக்கு அந்த ஈரத்துணிகூடத் தேவையில்லை. இரண்டு கணு உள்ள துண்டு பல நாள் காய்ந்து கிடந்தாலும் மண்ணில் செருகினால் துளிர்க்கும். மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பங்களுக்குச் சிராத்தச் சமையலில் பிரண்டைத் துவையல் இல்லாமல் ஆகாது. இளம் தண்டை மட்டும் எடுங்கள். நார் உரிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் அரிப்புக்குக் காரணம். நன்றாக வதக்கிப் புளி சேர்ப்பது அதற்காகத்தான்.

மும்பையில் செடி வளர்ப்பவர்களை உண்மையில் சோதிப்பது மழைதான். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. கற்பூரவல்லியும் துளசியும் இந்த நான்கு மாதத்தில்தான் வேரழுகிச் சாகின்றன. அவற்றைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். தென்னை நார்க்கழிவைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள். வல்லாரைக்கு நேர்மாறு: நிழலும் ஈரமும்தான் அதற்குச் சுகம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்து உலர்த்துங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழெட்டு நாள் போதும். மாநகராட்சி ஆட்கள் சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.

தாராவியில் வெயிலே பெரும்பாடு. குறுகிய சந்துக்குள் வெளிச்சம் இறங்காது, எனவே செடிகள் தகரக் கூரைக்கு ஏறிவிடுகின்றன. அங்கே பெயின்ட் டப்பாவும் பழைய பீப்பாயும் எளிதில் கிடைக்கும். மறுசுழற்சித் தொழிலே நடக்கும் ஊர் அது. ஆனால் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாத பீப்பாயில் தின்கிற இலையை வளர்க்காதீர்கள். பக்கத்திலேயே குயவர்களின் கும்பார்வாடா இருக்கிறது. பொங்கல் பானை வாங்கப் போகும்போது நாலு மண்தொட்டியும் வாங்குங்கள். சுட்ட மண் வழியே ஈரம் வெளியேறும் என்பதால் மழைக்காலத்துக்கு அதைவிட ஏற்றது இல்லை.

கூரைக்கும் பால்கனிக்கும் பாரம் ஆகாது. மண்ணையே இலேசாக்கும் வழியைக் காட்டியவர் மும்பையிலேயே இருக்கிறார். துறைமுகக் கழகத்தின் மையச் சமையலறையில் உணவுப் பொறுப்பில் இருந்த பிரீத்தி பாட்டீல், 2002 வாக்கில் அதன் மொட்டை மாடியில் தோட்டம் போட்டார். சமையலறைக் கழிவையும் சருகையும் மக்கவைத்ததே அந்தத் தோட்டத்தின் மண். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சமைத்த இடத்தின் கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமல் செடியானது. நம் வீட்டுக் காய்கறித் தோலுக்கு ஒரு மண்பானை போதும்.

செம்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மாஹுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், இந்தப் பக்கம் உர ஆலை, வடக்கே 1927 முதல் இயங்கும் டியோனார் குப்பைமேடு. கற்பூரவல்லி இலையின் மெல்லிய மயிர்கள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இலையையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். சாக்கடை ஓரத்திலும் மிட்டி ஆற்றங்கரையிலும் தானாக முளைத்த வல்லாரையைப் பறித்து வராதீர்கள். மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் செடி அது.

கடைசியாகச் சீந்தில். இந்த ஊரில் குல்வேல், இந்திக்காரர்களுக்கு கிலோய். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கஷாயம் காய்ச்சினார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு சிகிச்சைக்கு வந்ததையும், ஆறு பேரும் சீந்தில் சாப்பிட்டிருந்ததையும் மருத்துவர்கள் 2021இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்று சோதிக்கவில்லையே என்றது. யார் சொல்வது சரி என்ற வழக்கை விடுங்கள். இரண்டு தரப்பும் நமக்கு உணர்த்துவது ஒன்றுதான்: அடையாளம் உறுதியாகத் தெரியாத கொடியை மருந்தாகக் குடிக்கக் கூடாது, தெரிந்த கொடியையும் மாதக் கணக்கில் குடிக்கக் கூடாது. சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் சொல்லாமல் எந்தக் கஷாயத்தையும் தொடங்க வேண்டாம்.

தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் மழைக்காலச் சளிக்கு இதம் தரும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். நெருக்கமான தாராவி வீடுகளில் காசநோய் இன்னும் இருக்கிறது. இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் இலையைத் தேடாமல் பக்கத்து மாநகராட்சி மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.